திடீரென இழுவை போனால் எஞ்சின் போய்விட்டதா? பழைய சொகுசுக் கார்களின் வரலாறு சொல்லும் பதில்

நம்மைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் உறை போர்த்திய பழைய கார் ஒன்றாவது நிற்பது வழக்கம். அம்பாசிடராக இருக்கலாம், கான்டெஸாவாக இருக்கலாம், அப்பா காலத்து ஃபியட்டாக இருக்கலாம். “ஏன் சார் எடுப்பதில்லை?” என்று கேட்டால் பல நேரம் ஒரே பதில்தான் வரும்: “போய்க்கொண்டே இருந்தபோது திடீரென்று இழுக்கவில்லை. எஞ்சின் போய்விட்டது என்று சொன்னார்கள். அப்படியே நிறுத்திவிட்டோம்.”

அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதைத்தான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கப்போகிறோம். நம் நாட்டில் ஓடிய பழைய கார்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. மெதுவாகக் குறைந்த பலம் எஞ்சினின் வயதைக் காட்டுகிறது. திடீரெனப் போன பலமோ பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே, அதற்குச் சாப்பாடு போடும் பாகங்களில் ஏற்பட்ட கோளாறு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல நல்ல வண்டிகள் காயலான் கடைக்குப் போயின.

மூன்று விதமான தளர்ச்சி

முதலாவது, பிறவியிலேயே பலம் போதாத வண்டி. புதிதாக வாங்கிய அன்றே மேட்டில் திணறும். இரண்டாவது, வயதுத் தளர்ச்சி. பிஸ்டன் ரிங்கும் வால்வும் தேய்ந்து, வருடத்துக்கு வருடம் பிக்கப் குறையும், எண்ணெய் குடிக்கும், புகை கக்கும். மூன்றாவது, திடீர் மயக்கம். காலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி செங்கத்தைத் தாண்டியதும் துவண்டு போகும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

மூன்றையும் “எஞ்சின் வீக்” என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. முதல் வகைக்குத் தமிழ்நாட்டிலேயே பெயர் பெற்ற ஓர் உதாரணம் இருக்கிறது.

வண்டலூரில் பிறந்த சொகுசு

சென்னையின் தென்புறம், வண்டலூர்-பெருங்களத்தூர் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கார் கம்பெனி இருந்தது. பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு சேர்ந்து 1940களின் இறுதியில் தொடங்கப்பட்டது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1970களில் கெஸலும் இங்கிருந்து வந்தன. அந்தக் காலத்து மதராஸ் டாக்டர்களும் வக்கீல்களும் ஹெரால்டு ஓட்டியதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கக்கூடும்.

பிறகு 1985-ல் இதே கம்பெனி ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. பெயர் ஸ்டாண்டர்டு 2000. உடல் முழுக்க பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1976-ல் வெளிவந்து, 1977-ம் ஆண்டின் ஐரோப்பிய கார் விருதைப் பெற்ற வண்டி அது. நீண்ட மூக்கும் சரிந்த பின்புறமுமாக, அம்பாசிடரையும் ஃபியட்டையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது வேற்றுலக வண்டியாகவே தெரிந்தது.

ஆனால் பானெட்டைத் திறந்தால் கதை வேறு. பிரிட்டனில் அந்த உடலோடு முதலில் வந்தது 3.5 லிட்டர் வி-8 எஞ்சின், 155 குதிரைத்திறன். இங்கே வைக்கப்பட்டதோ 1,991 சி.சி. கொண்ட பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின், சுமார் 83 குதிரைத்திறன். இதன் பூர்வீகம் 1940களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு. அந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான் அப்போது ஃபெர்குஸன் டிராக்டரிலும் வைத்தார்கள். வயலில் உழுவதற்கு அருமையான எஞ்சின். நிதானமாகச் சுற்றும், பாரம் இழுக்கும். ஒன்றே கால் டன் அளவு எடையுள்ள சொகுசுக் காரை நெடுஞ்சாலையில் விரட்டத்தான் அதனால் முடியவில்லை.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. வெளிநாட்டுப் புது எஞ்சினைக் கொண்டுவருவதைவிட, கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது எளிதாக இருந்தது. அந்த வழியில் போனது இந்தக் கம்பெனி மட்டுமில்லை. 1984-ல் வந்த ஹிந்துஸ்தான் கான்டெஸாவும் வாக்ஸ்ஹால் காரின் பெரிய உடலுக்குள் அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினைத்தான் முதலில் சுமந்தது. ஏறத்தாழ 50 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு அந்த உடலை இழுப்பது பெரும்பாடு. பின்னர் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் கான்டெஸா உண்மையில் ஓடத் தொடங்கியது. அதனால்தான் அது 2002 வரை தாக்குப் பிடித்தது. ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. மிஞ்சிய உதிரிபாகங்களைப் பிரிட்டனில் ரோவர் பாகங்கள் விற்கும் ஒரு கடை வாங்கிக்கொண்டு போனது.

இதிலிருந்து ஒரு பாடம். பிறவிப் பலவீனத்தைக் கார்புரேட்டரைக் கழற்றிச் சரிசெய்ய முடியாது. பழைய காரை வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, “இந்த வண்டி எப்போதாவது நன்றாக இழுத்ததா?” என்பதுதான். இழுத்தது, பிறகு ஒரு நாள் நின்றது என்றால் அது வேறு வியாதி. இனி அந்த வியாதிக்கு வருவோம்.

ஏர் லாக் காலம்

நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. புதுச்சேரியிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகப் பெங்களூரு போகும் சாலையில், புளியமரத்தடியில் பானெட்டைத் திறந்து வைத்த அம்பாசிடர். டிரைவர் ஒரு துணியை நனைத்து எஞ்சின் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டிருப்பார். “என்னாச்சு?” என்றால், “ஏர் லாக் சார்” என்பார்.

உண்மையில் அங்கே சிக்கியது காற்று இல்லை, பெட்ரோலின் ஆவி. பெட்ரோல் பல பொருட்களின் கலவை. அதன் இலகுவான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். பழைய வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பின்னால், பம்ப் முன்னால், அதுவும் சூடான எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்த பம்ப் பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே பெட்ரோல் கொதிக்கும். திரவத்தைத் தள்ளச் செய்யப்பட்ட பம்ப் ஆவியை அசைக்க முடியாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது.

குளிர் நாடான பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கே 1957-ல் அம்பாசிடராகி, 2014 வரை தயாரானது. நமக்கோ சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். போதாக்குறைக்கு, போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறும்போதும் பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர்ந்து நகரும்போதும் காற்றோட்டம் குறைந்து பானெட்டுக்குள் சூடு பெருகும். ஆக, டிரைவரின் ஈரத் துணி மூடநம்பிக்கை இல்லை. நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துச் செல்லும், உள்ளே இருக்கும் ஆவி மறுபடி திரவமாகும், வண்டி கிளம்பும். இதற்கு நிரந்தரத் தீர்வு, டேங்க் அருகே மின்சார பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பின்னாலிருந்து தள்ளுவது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். இப்போதைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே அறிகுறி, இரண்டு வியாதி

ஆனால் சூட்டில் மயங்கி, ஆறியதும் எழுந்திருக்கும் இன்னொரு பாகமும் உண்டு. அது இக்னீஷன் காயில்.

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி ப்ளக்குக்கு அனுப்பும் முறையை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். எலெக்ட்ரானிக்ஸ் வரும் வரை, பல பத்தாண்டுகளாக உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அந்த முறையிலேயே ஓடின. காயில், பாயின்ட், கண்டென்சர் மூன்றும் அதன் உயிர். காயிலுக்குள் இருக்கும் கம்பிச் சுற்றின் காப்பு பழசாகிவிட்டால், சூடேறியதும் மின்சாரம் உள்ளேயே கசிந்து தீப்பொறி மெலியும். ஆறினால் சரியாகும். கண்டென்சர் கெட்டாலோ, பாயின்ட் திறக்கும் இடத்தில் பொறி பறந்து முனைகள் கருகும். ஐடிலில் ஓரளவு ஓடும் வண்டி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் மிஸ்ஸிங் அடிக்கும்.

டிரைவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கைதேர்ந்த பழைய மெக்கானிக்குகள் பிரித்தறிந்த விதம் எளிமையானது. ஈரத் துணியை முதலில் பம்ப் மேல் மட்டும் போடுவது. வண்டி எழுந்தால் பெட்ரோல் பக்கக் குறை. எழாவிட்டால், சாவியை அணைத்துவிட்டு, துணியை நன்றாகப் பிழிந்து, வயர்களில் ஈரம் படாமல் காயிலின் உடல்மேல் வைப்பது. அதில் எழுந்தால் காயில். இரண்டையும் ஒரே நேரத்தில் குளிர்வித்தால் வண்டி ஓடும், ஆனால் நோய் எதுவென்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்ற ஆய்வுக்கூட விதியைத்தான் அவர்கள் சாலையோரத்தில் கடைப்பிடித்தார்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள் அதே காலத்தவை. வண்டி சில கிலோமீட்டர் ஓடித் துவண்டதும் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பது. “உஸ்” என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி சரியாக ஓடினால், மூடியில் இருக்கும் சிறு காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராததால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு குண்டூசி வேலை. அடுத்தது, பல பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டர். அதன் குமிழுக்குள் இருக்கும் பிஸ்டனை எஞ்சின் அணைந்திருக்கும்போது விரலால் தூக்கி விட்டால் “டக்” என்று தானாக விழ வேண்டும். பாதியில் நின்றால் அழுக்கில் சிக்கியிருக்கிறது. கழற்றித் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போன பலம் திரும்பிவிடும்.

இவை எதற்கும் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

கலப்படமும் ஈயமும்

பிறகு நோயின் காரணம் வண்டியிலிருந்து பங்க்குக்கு மாறியது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இடையே இருந்த விலை வேறுபாடு கலப்படத்துக்கு வழி வகுத்தது. தடுப்பதற்காக ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் சேர்த்தார்கள். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் தட்டும், ப்ளக்கில் கரி படியும், மேட்டில் பலம் போகும். இது வெறும் மைலேஜ் பிரச்சினையாக இருக்கவில்லை. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பங்க்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் இளம் அதிகாரி எஸ்.மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். நல்ல பெட்ரோல் போடுவதற்கு ஓர் உயிர் விலையாகப் போன நாடு இது என்பதை மறக்கக் கூடாது. அந்த நாட்களில் திடீரெனப் பலம் போன வண்டிக்கு மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி “கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்?” என்பது. இன்றைக்கும் அது சரியான முதல் கேள்விதான்.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. எஞ்சின் தட்டாமல் இருக்க ஈயம் கலக்கலாம் என்று 1921-ல் கண்டறிந்தவர் தாமஸ் மிட்க்லி. கெட்டரிங்கின் ஆய்வுக் கூடத்தில் வேலை செய்தவர். காற்றில் கலந்த அந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு, ஒழிந்தது நல்லதே. ஆனால் பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்துக்கு ஈயப் படிவு மெத்தை போல இருந்தது. அது இல்லாமல், நெடுந்தூரம் வேகமாக ஓட்டப்பட்ட பழைய வண்டிகளில் அந்த இடம் மெல்லத் தேயும். மெல்ல என்பதே முக்கியம். “ஈயம் போனதால் நேற்று திடீரென்று இழுவை போனது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது எத்தனால்

இன்றைய கதை எத்தனால். 2022-ல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது, 2023-ல் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, 2025-ல் அதுவே பொதுவானது. எத்தனாலுக்குப் பெட்ரோலை விட ஆற்றல் குறைவு. 10 சதவீதத்துக்கு ஏற்பச் சரிசெய்த பழைய வகை கார்களில், 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. அது சிறிய இழப்பு, சமாளிக்கலாம்.

பழைய காருக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பல வருடங்களாக டேங்கில் படிந்த பிசினைப் பெயர்த்து எடுத்து ஃபில்ட்டரிலும் கார்புரேட்டர் ஜெட்டிலும் கொண்டுபோய் அடைக்கும். ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்து எத்தனாலோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். இதற்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பும், இளகும், வெடிக்கும். உட்புறம் இளகிய ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு பெட்ரோலை மறிக்கும். வெளிப்புறம் வெடித்த ஹோஸ் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைச் சொட்டும். முதலாவதில் வண்டி நிற்கும். இரண்டாவதில் வண்டி எரியும்.

நம் கீழ்த்தளத்துக்கு

இங்கேதான் இந்த வரலாறு சங்கத்தின் விஷயமாகிறது. நம் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன, மேலே வீடுகள். பழைய கார் வைத்திருப்பவர்கள் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றினால் தங்கள் வண்டிக்கும் அக்கம்பக்கத்துக்கும் நல்லது.

நீண்ட நாள் நின்ற வண்டியைக் கிளப்பும் முன் பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாவியையே திருப்பாதீர்கள். எல்லா ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபில்ட்டரையும் கூடவே மாற்றுங்கள். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் மெக்கானிக்கைக் கொண்டு வெளியேற்றுங்கள், ஆனால் கீழ்த்தளத்தில் வேண்டாம். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விட்டு “டியூன்” செய்வதும் வேண்டாம்; கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

இழுவை போனால் வரிசை இதுதான்: எங்கே பெட்ரோல் போட்டோம், டேங்க் மூடி, ஹோஸும் ஃபில்ட்டரும், பம்ப், கார்புரேட்டர், பிறகு காயில், பாயின்ட், கண்டென்சர், ஏர் ஃபில்ட்டர். இவை எல்லாம் சரியென்று ஆன பிறகே எஞ்சினைச் சந்தேகப்பட வேண்டும். இதற்கு விலக்கும் உண்டு. வெப்பமானி சிவப்பைத் தொட்டிருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து வெள்ளைப் புகை வந்தாலோ, எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தாலோ அது ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். உலோகச் சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ உடைந்திருக்கலாம். அப்போது ஓட்டவே கூடாது, டோ செய்யுங்கள்.

“எஞ்சினை இறக்கணும்” என்று யாராவது சொன்னால், கம்ப்ரஷன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ப்ளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சிறு கருவி அது. சிறிது நேர வேலை. நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவில், நல்ல எண்ணிக்கை காட்டினால் எஞ்சினை இறக்க அவசரப்பட வேண்டாம். குறை வெளியே இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டி, பெரிதாக மாற்றப்படாத வண்டிகள் விண்டேஜ் என்ற தனிப் பதிவைப் பெறலாம். வண்டலூரில் 1985-ல் பிறந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்தத் தகுதி 2035-ல்தான் வரும். 80களின் கான்டெஸாக்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அதுவரை அவை வெறும் பழைய வண்டிகள். மதிப்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. வெடித்த ஒரு ஹோஸுக்காகவோ, வெந்த ஒரு கண்டென்சருக்காகவோ “எஞ்சின் போச்சு” என்று எழுதப்பட்டு எடைக்குப் போகும் ஆபத்து இந்தப் பத்து வருடங்களில்தான் அதிகம். உங்கள் வண்டி உறைக்குள் எத்தனை வருடமாக நின்றாலும், விற்கும் முன் டேங்க் மூடியிலிருந்து ஒரு முறை தொடங்கிப் பாருங்கள்.